பதினோராம் கேள்வி

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு மாதா கோவிலின் பங்கு அலுவலகத்தில் இருந்தவர்கள் ஏழு பேர். பங்குத்தந்தை, அவருக்கு டைப் அடித்துக் கொடுக்கும் அக்கா, லிஃப்ட் பழுது பார்க்கும் லிஃப்ட்காரர், தையல்கடை வைத்திருக்கும் அவர் மனைவி, சனிக்கிழமை கல்யாணம் நிச்சயமாகியிருந்த அவர்களுடைய மகள், ஆம்புலன்ஸ் ஓட்டும் மாப்பிள்ளை, லிஃப்ட்காரரின் அண்ணன். எட்டாவதாக ஒருவரும் இல்லை. கதவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டதாகச் சொல்லிக்கொள்பவர்கள் இன்றைக்கு இருபது பேராவது இருப்பார்கள். அந்தக் கதவுக்குப் பின்னால் ஒரு துடைப்பமும் ஒரு வாளியும் நிற்கத்தான் இடம் உண்டு.

பங்கு இருந்தது ஒரு வெளிநாட்டு நகரத்தில்; பங்குத்தந்தை அந்த நாட்டுக்காரர். பிழைக்க வந்து தங்கிவிட்ட குடும்பங்களை நன்றாகக் கவனிக்க வேண்டும் என்று மேலிடத்திலிருந்து கடிதம் வந்தபோது மற்ற பங்குகளில் அதைப் படித்துவிட்டுக் கோப்பில் வைத்தார்கள். இவர் மட்டும் இரண்டு வருடம் உட்கார்ந்து தமிழ் படித்தார். முழுக்கப் புத்தகத் தமிழ். பங்கில் இருந்த நாற்பது தமிழ்க் குடும்பங்களிலும் அவர் அளவுக்குச் சுத்தமாகத் தமிழ் பேச ஆள் கிடையாது. அவர் பேசுவது பாதிப் பேருக்குப் புரியவும் புரியாது.

"அனைவரும் அமருங்கள்," என்றார் அவர்.

நாற்காலிகள் நான்கு. அண்ணன் முதலில் உட்கார்ந்தார். குடும்பத்துக்கு மூத்தவர் அப்படித்தான் உட்கார வேண்டும். லிஃப்ட்காரர் நின்றுகொண்டார்.

"திருமணத்துக்கு நான்கு நாட்களே எஞ்சியுள்ளன. ஆயினும் விண்ணப்பத்தின் பதினோராம் கேள்வியில் எனக்கு ஓர் ஐயம்."

லிஃப்ட்காரர் மகள் பக்கம் சாய்ந்தார். "யாரு ஐயாவாம்?"

"ஐயம்ப்பா. சந்தேகம்."

பதினோராம் கேள்வி: மணமக்களுக்குள் இரத்த உறவு உண்டா? அதற்கு நேராக 'இல்லை' என்று டைப் அடித்திருந்தது.

"ஞாயிறன்று மூன்றாம் ஓலை வாசித்தேன். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை அறிந்தவர்கள் எனக்குத் தெரிவிக்கவும் என்று. பூசை முடிந்து வாசலில் நின்றபோது தடையை என் செவியாலேயே கேட்டேன். மணமகன் யார் என ஒரு பெண்மணி வினவினார். அதற்குத் தங்கள் தமையனார், 'வெளியாள் இல்லை, சொந்தம்தான், முறைப்பையன்' என்றார்."

எல்லோரும் அண்ணனைப் பார்த்தார்கள். அண்ணன் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார்.

அண்ணன் பொய் பேசுபவர் அல்ல. ஊர் பேர் தெரியாத வீட்டுக்குப் பெண் கொடுக்கிறார்கள் என்று கோவில் வாசலில் மூன்று வாரமாகப் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு மூத்தவர் ஒரு பதில் சொல்ல வேண்டியிருந்தது; சொன்னார். பதில் கொஞ்சம் நீளமாகிவிட்டது, அவ்வளவுதான்.

லிஃப்ட்காரர் ஒரு அடி முன்னால் வந்தார். இந்தக் கல்யாணத்துக்கு அண்ணனைச் சரி சொல்ல வைக்க மூன்று வருடம் ஆயிற்று. தேதி ஒரு வாரம் தள்ளிப்போனாலும் அண்ணன் மறுபடி யோசிக்க ஆரம்பித்துவிடுவார். அவர் யோசித்தால் அது இன்னும் மூன்று வருடம்.

"ஃபாதர், மாப்பிள்ளைய ஒரு தடவை பாருங்க. முடி வைக்கோல் கலரு, கண்ணு பச்சைக் கலரு. இவருக்கும் எங்களுக்கும் எங்கேர்ந்து ஃபாதர் ரத்த உறவு?"

பங்குத்தந்தை வருத்தத்துடன் தலையை அசைத்தார். "நிறத்தையும் முகத்தையும் கொண்டு ஒருவருடைய குடும்பத்தை முடிவு செய்வது பெரும் பிழை. கலப்புக் குடும்பங்களுக்கான மேய்ப்புப்பணிப் பயிற்சியில் முதல் நாளே அதைத்தான் கற்பித்தார்கள்."



அவர் மாப்பிள்ளையின் பக்கம் திரும்பினார். "இந்த அம்மையார் தங்களுக்கு யார்?"

மாப்பிள்ளை எழுந்து நின்றார். மகள் ஆறு மாதமாகச் சொல்லிக்கொடுத்திருந்தாள். "அத்தை," என்றார், பெருமையாக.

"இவர்?"

"மாமா."

பங்குத்தந்தை மேசை இழுப்பறையிலிருந்து ஒரு பெரிய அட்டையை எடுத்து விரித்தார். ஞாயிறு மறைக்கல்வி வகுப்புப் பிள்ளைகளிடம் கேட்டுக் கேட்டு அவரே வரைந்த உறவுமுறைப் படம். ஆண்களுக்குச் சதுரம், பெண்களுக்கு வட்டம்.

"அத்தை, தந்தையின் சகோதரி. மாமா, தாயின் சகோதரர்." விரல் இரண்டு பக்கமும் போய் ஒரே இடத்தில் வந்து நின்றது. "அப்படியாயின் மணமக்கள் இருவழியிலும் உறவினர்!"

டைப்பிஸ்ட் அக்கா இயந்திரத்துக்குப் பின்னால் குனிந்து எதையோ தேடினார்.

"இத்தகைய நெருங்கிய உறவினர் மணம் புரிய ஆயரிடம், அதாவது பிஷப்பிடம், விதிவிலக்குப் பெற வேண்டும். பெறாமல் நடந்தால் அது திருமணமே அன்று. நூறு ஆண்டுகள் சேர்ந்து வாழ்ந்தாலும் அன்று."

"கேக்குக்குச் சொல்லியாச்சு ஃபாதர்," என்றார் லிஃப்ட்காரர்.

நடுவில் நின்றுபோன லிஃப்ட்டுக்குள் மாட்டிக்கொண்டவர்கள் எல்லாப் பொத்தானையும் மாற்றி மாற்றி அழுத்துவார்கள். அழுத்தாதீர்கள், சும்மா இருங்கள், நான் வந்துகொண்டிருக்கிறேன் என்று முப்பது வருடமாகப் போனில் சொல்லிவருபவர் அவர். அன்றைக்கு அவரே அழுத்தினார்.

"மாப்ள," என்று காதில் சொன்னார், "அத்தை மாமாவெல்லாம் வேணாம். வேற மாதிரி சொல்லுங்க."

"வேற எப்படி மாமா?"

"மாமா வேணாங்கிறேன்ல! அம்மா அப்பான்னு சொல்லுங்க. பாசமா இருக்கும்."

மாப்பிள்ளை தொண்டையைச் சரிசெய்துகொண்டார். "மன்னிக்கணும் ஃபாதர். தப்பா சொல்லிட்டேன். இவங்க என் அம்மா. இவர் என் அப்பா."

பங்குத்தந்தையின் கையிலிருந்த பேனா படத்தின் மேல் விழுந்து, ஒரு வட்டத்துக்குள் உருண்டு நின்றது.

"உடன்பிறந்தோரா!"

"ஐயோ!" என்றாள் மகள். "அப்பா, நீங்க கொஞ்சம் சும்மா இருக்கீங்களா?"

"நான் எங்கடி பேசினேன்? அவருதான் பேசினாரு!"

அண்ணன் கையை உயர்த்தினார். அந்தக் குடும்பத்தில் அந்தக் கை உயர்ந்தால் மற்றவர்கள் வாய் மூடும். "எல்லாரும் இருங்க. நான் சொல்றேன் ஃபாதர். முறைன்னு ஒண்ணு இருக்கு. நம்ம பொண்ண யாருக்குக் குடுக்கிறோமோ, அவன் நமக்கு முறையாயிடுவான்."

"உறவு இருப்பதால் பெண் கொடுக்கிறீர்களா, பெண் கொடுப்பதால் உறவா?"

அண்ணன் யோசித்தார். "ரெண்டும்தான்."

"எனவே உறவு உண்டு."

"சொந்தம் உண்டு. உறவு கிடையாது."

பங்குத்தந்தை அகராதியைப் புரட்டினார். "சொந்தம் என்றால் உறவு என்று போட்டிருக்கிறது."

"அகராதி எழுதினவருக்குக் குடும்பம் இருந்திருக்காது."

"பெரியப்பா," என்றாள் மகள், கும்பிடாத குறையாக. "சொந்தம் இல்ல, வாசல்ல சும்மா சொன்னேன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்களேன்."

"அத்தனை பேர் முன்னால சொன்ன வார்த்தைய இங்க வந்து மாத்துறதா? நாளைக்கு என்னை யார் மதிப்பாங்க?"

"அப்ப என் கல்யாணம்?"

"அதுவும் சனிக்கிழமையே நடக்கணும்."

அண்ணனின் நிலை இதுதான். சொந்தம் என்றால் கல்யாணம் நின்றுவிடும். சொந்தம் இல்லை என்றால் அவருடைய வார்த்தை விழுந்துவிடும். இரண்டும் விழாமல் அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். முதுகு நாற்காலியில் சாயவே இல்லை.

லிஃப்ட்காரர் அடுத்த பொத்தானை அழுத்தினார். "ஃபாதர், அந்தப் படத்துல ஒரு குறை இருக்கு. அத்தைன்னா அப்பா கூடப் பொறந்தவங்க மட்டும் இல்ல. மாமியாரையும் அத்தைன்னுதான் கூப்பிடுவோம். சின்னப் பிள்ளைங்ககிட்ட கேட்டீங்கல்ல, அதுங்களுக்கு ஏது மாமியார்? அக்காவக் கேளுங்க."

"ஆமா ஃபாதர்," என்றார் டைப்பிஸ்ட் அக்கா. "நானும் என் மாமியார முன்னால அத்தைன்னுதான் கூப்பிடுவேன்."

"பின்னால்?"

"பின்னால வேற பேரு. அத எழுத வேணாம்."

பங்குத்தந்தையின் முகம் முதல் தடவையாகத் தெளிந்தது. அவர் கெட்ட மனிதர் அல்ல. அந்தப் பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து வைக்க அவருக்கும் ஆசைதான். "அருமை! இன்னொரு சாட்சி இருந்தால் போதும்."

"நானே இருக்கேனே! என் மாமியார நான் இருபத்தெட்டு வருஷமா அத்தைன்னுதான் கூப்பிடுறேன்."

"எழுதிக்கொள்கிறேன்," என்று பேனாவை எடுத்தார் பங்குத்தந்தை. "இவருடைய மாமியாருக்கும் இவருக்கும் இரத்த உறவு இல்லை. ஆயினும் அத்தை என்றே அழைக்கிறார். அவ்வாறுதானே?"

லிஃப்ட்காரர் வாயைத் திறந்தார், மூடினார்.

"அவ்வாறேதான், எழுதுங்க எழுதுங்க," என்றார் அண்ணன் அவசரமாக. அண்ணன் அவசரப்பட்டு அதுவரை யாரும் பார்த்ததில்லை.

அவ்வளவு நேரமும் ஒரு வார்த்தை பேசாமல் இருந்தவர் தையல்காரம்மா. வாடிக்கையாளர் அவசரப்படுத்தினாலும் கோணல் தையலைப் பிரித்துவிட்டு மறுபடி நேராகப் போடுகிற கை அவருடையது.

"அது எப்படி ஃபாதர் இல்லாம போகும்?" என்றார். "எங்க அம்மா இவருக்குச் சொந்த அத்தைதானே. இவங்க அப்பாவும் எங்க அம்மாவும் கூடப் பொறந்தவங்க."

பங்குத்தந்தை பேனாவை மூடினார். படத்தைப் பார்த்தார். லிஃப்ட்காரரைப் பார்த்தார். அப்புறம் அண்ணனை வெகுநேரம் பார்த்தார்.

"மணமக்கள் சற்று வெளியே இருங்கள்," என்றார். "உங்களுக்கு ஒரு தடையும் இல்லை. சனிக்கிழமை பதினோரு மணிக்குத் திருமணம் உறுதி. பெரியவர்களிடம் மட்டும் எனக்கு வேறு சில கேள்விகள் உள்ளன."

அடுத்த முக்கால் மணி நேரம் உள்ளே பேசியது குடும்ப விஷயம். அதை இங்கே எழுத வேண்டியதில்லை. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த இருவருக்கும் கேட்டது இவ்வளவுதான். அண்ணனின் குரல்: "ஒரு சாமியார் முன்னால போய்க் கையக் கட்டிட்டு நிக்கணுமான்னு, அன்னைக்கு அந்தக் கேள்விக்கு இல்லைன்னு எழுதிக் குடுத்தேன் ஃபாதர். ஒரே ஒரு வார்த்தை!" அப்புறம் தையல்காரம்மாவின் குரல், மிகவும் சந்தோஷமாக:

"அப்படியா ஃபாதர்? நிஜமாவா?"

வெளியே வந்தபோது லிஃப்ட்காரரின் முகம் வெளுத்திருந்தது. அண்ணன் யாரையும் பார்க்காமல் நேராகப் பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தார். தையல்காரம்மா மட்டும் கைப்பையை வீசிக்கொண்டு வந்தார்.

"என்னம்மா ஆச்சு?" என்றாள் மகள்.

"உனக்கு ஒண்ணும் இல்லடி. என்னைத்தான் ஒரு விஷயம் கேட்டிருக்காங்க. யோசிச்சு சொல்றேன்னு சொல்லியிருக்கேன்."

"என்ன விஷயம்?"

"சனிக்கிழமை உங்கப்பா பக்கத்துல நான் நிக்கிறதா வேணாமான்னு."



செவ்வாய்க்கிழமை மாலை லிஃப்ட்காரர் காப்பி போட்டார். அவர் போட்ட முதல் காப்பி அது, குடிக்கும்படி இல்லை. தையல்காரம்மா ஒரு வாய் குடித்துவிட்டு, "ம்," என்றார்.

"என்ன முடிவு பண்ணின?"

"யோசிக்கிறேன்."

புதன்கிழமை, நாலு வருடமாக ஒற்றை ஆணியில் தொங்கிய சமையலறை அலமாரிக் கதவை மாட்டினார். ஊரில் உள்ள லிஃப்ட் கதவெல்லாம் அவர் கை பட்டால் சத்தமில்லாமல் மூடும். சொந்த வீட்டுக் கதவு அன்றைக்குத்தான் மூடியது. தையல்காரம்மா இரண்டு தடவை திறந்து மூடிப் பார்த்தார்.

"இப்பவாவது சொல்லு."

"கதவு நல்லா இருக்கு. நான் இன்னும் யோசிக்கிறேன்."

"ஏம்மா, அப்பாவ ஏன் இப்படி அலைய வைக்கிற?" என்றாள் மகள். "எனக்குப் பயமா இருக்கு. மாப்பிள்ளையப் பிடிக்கலையா?"

"மாப்பிள்ளை தங்கம்டி. ஆறு மாசத்துல அத்தைன்னு கூப்பிடக் கத்துக்கிட்டாரு. சில பேரு இருபத்தெட்டு வருஷமா என் பேரச் சொல்லிக் கூப்பிட்டதில்ல. 'இந்தா'ன்னுதான் கூப்பிடுறது."

அன்று சாயங்காலம் லிஃப்ட்காரர் குளியலறைக் கதவுக்கு வெளியே நின்று மனைவியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். உள்ளே இருந்தவர் பயந்துபோய், "யாரு அது?" என்றார்.

வியாழக்கிழமை அண்ணனே தையல்கடைக்கு வந்தார். தம்பி மனைவி வேலை செய்கிற இடத்துக்கு அவர் போனதே கிடையாது. குடும்பத்துப் பெண் ஊரார் துணியைத் தைப்பதில் அவருக்கு உடன்பாடு இல்லை. கடையில் ஒரே ஒரு ஸ்டூல் இருந்தது. அதில் தையல்காரம்மா உட்கார்ந்து ஒரு கால்சட்டைக்கு விளிம்பு மடித்துக்கொண்டிருந்தார்.

"வாங்க அத்தான்."

அண்ணன் நின்றார். "ஏம்மா, சனிக்கிழமைக்கு இன்னும் ரெண்டு நாள்தான் இருக்கு."

"ஆமா அத்தான்."

"நீ சரின்னு சொல்லிட்டா எல்லாம் காதும் காதும் வச்ச மாதிரி முடிஞ்சிடும். குடும்ப மானம்மா."

தையல்காரம்மா நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். "நம்ம குடும்பத்துல எந்தக் கல்யாணத்துக்கும் யாரும் என்கிட்ட சம்மதமான்னு கேட்டதில்ல அத்தான். நீங்களே பேசுவீங்க, நீங்களே எழுதுவீங்க, நீங்களே முடிப்பீங்க. இப்பதான் முதல் தடவையா ஒருத்தர் கேக்குறாரு. அதுவும் புத்தகத்தப் பார்த்துத் தமிழ் படிச்ச ஃபாதர். கொஞ்ச நேரம் நான் யோசிச்சா என்ன?"

அண்ணன் சுவரில் தொங்கிய யாருடைய கோட்டையோ பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம், "யோசிம்மா," என்றார். கொஞ்சம் கழித்து, "தையல் நல்லாத்தான் இருக்கு," என்றார். இரண்டையும் சொல்லிவிட்டு வெளியே போனார். அவருடைய முதுகு அப்போதும் நிமிர்ந்தே இருந்தது என்று எதிர்க்கடைக்காரர் சொல்வார்.

வெள்ளிக்கிழமை காலை லிஃப்ட்காரர் வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் சாவிக்கொத்தைத் தேடிக்கொண்டே கேட்டார். "அப்ப நாளைக்கு? சம்மதமா இல்லையா?"

"தேடுறத நிறுத்துங்க."

நிறுத்தினார்.

"என் முகத்தப் பாத்துக் கேளுங்க."

பார்த்தார். அந்த முகத்தை அவர் அப்படி நின்று பார்த்து எத்தனையோ வருடம் ஆகியிருந்தது. மனைவியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, "உனக்குச் சம்மதமா?" என்று கேட்டார்.

"காப்பி மட்டும் நானே போட்டுக்கறேன்," என்றார் தையல்காரம்மா. "சம்மதம்."

சாயங்காலம் ஆயர் இல்லத்திலிருந்து ஒரு கடிதம் வந்து சேர்ந்ததாக டைப்பிஸ்ட் அக்கா போனில் சொன்னார்.

சனிக்கிழமை பதினோரு மணிக்கு மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் கல்யாணம் குறைவில்லாமல் நடந்தது. பங்குத்தந்தை தமிழில் மறையுரை ஆற்றினார். மாப்பிள்ளை வீட்டாருக்கு ஒன்றும் புரியவில்லை, தமிழர்களுக்குப் பாதி புரிந்தது, எல்லோரும் சமமாகத் தலையாட்டினார்கள். மாப்பிள்ளை தையல்காரம்மாவை அத்தை என்று கூப்பிட்டபோது பங்குத்தந்தை சிரித்தார்.

பேச்சு கிளம்பியது விருந்து மண்டபத்தில். பீடத்துக்குப் பூ அடுக்க எட்டு மணிக்கே வந்த ஒரு பெண்மணி, பக்கவாட்டுச் சிற்றாலயத்தின் கதவு இடுக்கில் பார்த்தாராம். லிஃப்ட்காரர் புதுக் கோட்டு போட்டுக்கொண்டு நிற்கிறாராம். பக்கத்தில் தலையில் வெள்ளை முக்காடு போட்டு ஒரு பெண். முகம் தெரியவில்லை. பங்குத்தந்தை இருவர் கையையும் சேர்த்துப் பிடித்து மந்திரம் சொல்கிறாராம். அண்ணன் பக்கத்தில் நின்று கையெழுத்துப் போடுகிறாராம்.

கேக் வெட்டுவதற்குள் அந்தப் பேச்சு நாற்பது குடும்பத்தையும் சுற்றி வந்துவிட்டது.

"மக கல்யாணத்தன்னைக்கே ரெண்டாந்தாரம் கட்டியிருக்காரு!"

"அண்ணனே சாட்சியாம்!"

"அந்தம்மா பாவம், ஒண்ணும் தெரியாம எப்படிச் சிரிச்சிட்டிருக்கு பாருங்க."

தையல்காரம்மா உண்மையிலேயே சிரித்துக்கொண்டுதான் இருந்தார். லிஃப்ட்காரர் அவருக்குத் தட்டில் எதையோ எடுத்துவந்து வைத்தார். அதையும் நாற்பது குடும்பமும் குற்ற உணர்ச்சி என்று எடுத்துக்கொண்டது.

அண்ணன் எழுந்தார். கையை உயர்த்தினார். மண்டபம் அடங்கியது.

"பொய்," என்றார்.

"அப்ப சிற்றாலயத்துல நின்னது யாரு?" என்றார் பூ அடுக்க வந்திருந்த அம்மா. "நான் கண்ணால பார்த்தேன். கல்யாணம்தான் நடந்தது. இல்லைன்னு சொல்லுங்க பார்ப்போம்?"

இல்லை என்ற வார்த்தை அண்ணனின் உதடுவரை வந்தது. ஒரே ஒரு வார்த்தை. எழுதியும் பழக்கம், சொல்லியும் பழக்கம். அவர் அதை விழுங்கினார். கை மெதுவாகக் கீழே இறங்கியது. பக்கத்து மேசையில் இருந்த டைப்பிஸ்ட் அக்காவைப் பார்த்தார்.

"நீயே சொல்லும்மா," என்றார். "இருக்கிறத இருக்கிறபடியே சொல்லு."

டைப்பிஸ்ட் அக்கா வாயில் இருந்த கேக்கை மென்று முடித்தார்.

"ரெண்டாந்தாரமெல்லாம் இல்லைங்க. பதிவேட்ட எழுதினதே நான்தான்: இருபத்தெட்டு வருஷமா குடித்தனம் பண்ற அதே அம்மாவ, இன்னைக்குக் காலையிலதான் அவரு முதல் தடவையா கல்யாணம் பண்ணியிருக்காரு."